காசு கொடுத்தவர் கேட்டால் சொல்லிவிடலாமா?

கேள்வி: அக்கா, நான் மண்டபம் பக்கத்துக் கிராமம். கேரளாவில் மசாஜ் பயிற்சி முடித்து, கொஞ்ச நாள் வெளியூரில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். வீட்டு முன்னறையில் பெண்களுக்கு மட்டும் செய்கிறேன். கூப்பிட்டால் வீட்டுக்கும் போவேன். வாரத்தில் இரண்டு நாள் ஒரு ரிசார்ட்டில் வேலை. போன மாதம் ஒரு மாமி தன் மருமகளை இடுப்பு வலிக்காகக் கூட்டிவந்தார். மகன் சவுதியில். காசு கொடுத்ததும் மாமிதான். மறுநாள் எனக்குப் போன் போட்டு, "அவ வயித்துல தழும்பு ஏதும் இருக்கா? எங்களுக்குத் தெரியாம ஆபரேஷன் ஏதும் பண்ணியிருக்காளா?" என்று கேட்டார். பதறிப்போய், "எனக்குத் தெரியாது மாமி" என்று சொல்லிவிட்டேன். "உடம்பு பூரா உருவிவிட்டவளுக்குத் தெரியாதா?" என்று கோபமாக வைத்துவிட்டார். நான் எதையோ மறைப்பதாக இப்போது தெருவில் பேச்சு. காசு கொடுத்தவருக்குக் கேட்க உரிமை இல்லையா? எல்லோரும் சொந்தக்காரர்களாக இருக்கும் ஊரில் இதெல்லாம் நடக்கிற காரியமா? நோட்டில் வாடிக்கையாளர் விவரங்களை எழுதிவைத்திருக்கிறேன், அது சரியா? ரிசார்ட் மேனேஜர் வேறு, இன்ஸ்டாகிராமில் போட மசாஜ் செய்வதை வீடியோ எடுத்துத் தரச் சொல்கிறார்.

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

உங்கள் ஊர்ப் பெயரையும், அந்த மருமகளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களையும் உங்கள் சம்மதத்தோடு எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். மண்டபம் பக்கம், மகன் சவுதியில் என்பது நம் கரையில் எத்தனையோ வீடுகளுக்குப் பொருந்தும். அதற்கு மேல் ஒரே ஒரு விவரம் சேர்த்தாலும் ஆள் தெரிந்துவிடும்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: உரிமை இல்லை. மாமி காசு கொடுத்தது உங்கள் கை வேலைக்கு. மருமகளின் உடம்பைப் பற்றிய செய்தி அந்தக் காசில் அடங்காது. மாமியார் கொடுத்தாலும், கணவர் அனுப்பினாலும், பெற்ற தாயே கட்டினாலும், ரிசார்ட் பில்லில் சேர்ந்தாலும் இதே பதில்தான். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையைக் கூட்டிவந்தால் அம்மாவோ அப்பாவோ தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கும். கல்யாணம் ஆன பெரிய மனுஷியின் உடம்புக்கு அவள்தான் பொறுப்பு.

மாமியை நான் கெட்டவராக நினைக்கவில்லை. மருமகளுக்கு இடுப்பு வலி என்று தெரிந்ததும் கையோடு கூட்டிவந்து, காசும் கொடுத்த மனுஷி அவர். மகன் ஊரில் இல்லாத வீட்டில் எல்லாப் பொறுப்பும் தன் தலையில் என்ற பயமும் இருக்கும். அதனால் அவரிடம் முகம் சுளிக்காமல் பேசுங்கள். ஆனால் அவர் கேட்டதைச் சொல்லாதீர்கள்.

இனி அந்த "தெரியாது". அது பொய் என்று மாமிக்கு உடனே தெரிந்துவிட்டது. பொய் என்று தெரிந்ததும் அவர் மனதில் எழுந்தது ஒரே கேள்வி: ஒன்றும் இல்லாவிட்டால் இவள் ஏன் பொய் சொல்கிறாள்? நீங்கள் மறைக்க நினைத்தது பாதி வெளியே வந்ததுபோல் ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் நான் எல்லோரிடமும் விடாமல் வலியுறுத்துவது இதைத்தான்: மறைக்க ஒன்றும் இல்லாதபோதும் வாய் திறக்காமல் இருந்தால்தான், மறைக்க வேண்டியது வரும்போது அந்த மௌனத்துக்கு மதிப்பு. ஒன்பது பெண்களைப் பற்றிக் கேட்கும்போது "அவங்களுக்கு ஒண்ணுமில்ல, லேசான பிடிப்புதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பத்தாவது பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் "அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க" என்றால், அந்தப் பத்தாவது பெண்ணைக் காட்டிக்கொடுத்தது உங்கள் மறுப்புதான். ஆகவே "நல்லா இருக்காங்க" என்ற நல்ல செய்தியைக்கூடச் சொல்லாதீர்கள். அவர் உங்களிடம் வருகிறாரா இல்லையா என்பதையும் சொல்லாதீர்கள். எல்லோருக்கும், எல்லா நாளும், ஒரே பதில்.

அந்தப் பதிலை நம் பேச்சு வழக்கில் இப்படிச் சொல்லலாம்: "மாமி, என்கிட்ட வர்றவங்க உடம்பப் பத்தி நான் யாருகிட்டயும் பேசறதில்ல. நாளைக்கு நீங்க வந்து படுத்தாலும், உங்களப் பத்தி உங்க மருமககிட்ட ஒரு வார்த்த சொல்லமாட்டேன்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் வாக்கியம் மட்டும் இருந்தால் தன்னைத் தள்ளிவைத்ததாக அவருக்குத் தோன்றும். இரண்டாவது, அவருடைய முழங்கால் வலிக்கும் இதே காவல் உண்டு என்று சொல்கிறது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சொல்லலாம் என்றே வைத்துக்கொண்டாலும் என்ன சொல்லியிருப்பீர்கள்? பித்தப்பைக் கல், குடல்வால், சினைப்பை நீர்க்கட்டி, கருக்குழாயில் தங்கிய கரு, கருத்தடை, குழந்தையில்லை என்று போகும்போது செய்கிற லேப்ராஸ்கோபி என்று எதற்காகத் துளை போட்டாலும், தொப்புளிலும் வயிற்றில் அங்கங்கேயும் சின்னச் சின்னத் தழும்புகள்தான் மிஞ்சும். அதை வைத்து இன்னதுதான் என்று உங்களாலும் சொல்ல முடியாது, பிசியோதெரபிஸ்டான என்னாலும் முடியாது. "ரெண்டு மூணு சின்னத் தழும்பு இருக்கு மாமி" என்று நீங்கள் சொல்லியிருந்தால், மிச்சக் கதையை அந்த வீடே எழுதியிருக்கும்.

எண்ணெய் தேய்த்துவிடுகிறவளுக்கு என்ன பெரிய ரகசியம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் 32 புற மருந்துகளில் தொக்கணமும், அதாவது நம் மசாஜும், ஒன்று. டாக்டர் ஐந்து நிமிடம் பார்க்கிற உடம்பை நாம் ஒரு மணி நேரம் தொட்டுப் பார்க்கிறோம். குப்புறப் படுத்து, முகம் தெரியாத நிலையில், வலி விடும்போது பெண்கள் பேசுவதை எந்த டாக்டரும் கேட்டிருக்க மாட்டார். டாக்டரின் வாய்க்கு இருக்கும் கட்டுப்பாடு நம் வாய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

சரி, எல்லோரும் சொந்தமாக இருக்கிற ஊரில் இது நடக்குமா என்று கேட்டீர்கள். நடக்கும். ஆனால் பட்டணத்து ஸ்பாவில் சொல்லிக்கொடுத்தது மட்டும் இங்கே போதாது. அங்கே பூட்டின பீரோவோடு வேலை முடிந்துவிடும். இங்கே வாசலில் கிடக்கும் செருப்பே பேசும். யார் செருப்பு என்று அடையாளம் தெரிந்த தெரு நம்முடையது. செருப்பை உள்ளே விடுகிற மாதிரி நடையில் ஒரு சின்னத் தட்டு வையுங்கள். ஒருவர் கிளம்புவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் நடுவில் கால் மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். துண்டுகளைப் பின்பக்கக் கொடியில் காயப்போடுங்கள். முன்பக்கம் காய்ந்தால், இன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் எண்ணிச் சொல்லிவிடுவார்.

முன்னறை என்று எழுதியிருப்பதால் ஜன்னலைப் பற்றியும் சொல்கிறேன். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் நம் ஊர் ஜன்னல் திரை நிற்காது, மேலே போய் ஒட்டிக்கொள்ளும். திரையின் அடி மடிப்பிலும் ஒரு கம்பியைக் கோத்து இரண்டு பக்கமும் கொக்கியில் மாட்டுங்கள். கண்ணாடி ஜன்னலாக இருந்தால் வெளியே தெரியாத ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம். வந்தவர் உடை மாற்றும்போது நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். திரும்பப் போகும்போது கதவைத் தட்டிவிட்டுப் போங்கள். எந்த இடத்தில் கை வைக்கிறீர்களோ அந்த இடம் மட்டும் திறந்திருக்கட்டும், மற்றதெல்லாம் துண்டுக்குள் இருக்கட்டும். இதெல்லாம் பயிற்சியில் படித்திருப்பீர்கள். ஊருக்கு வந்து, வருகிறவர்கள் எல்லாம் அத்தையும் சித்தியுமாக ஆனதும் "நம்ம பொண்ணுதானே" என்று முதலில் கைவிடப்படுவது இதுதான், அதனால் சொல்கிறேன்.

சத்தம் அடுத்தது. ஷீட் கூரை, பாதியில் நிற்கும் தடுப்புச் சுவர் என்றால் உள்ளே பேசுவது திண்ணை வரை கேட்கும். ஃபேனை உள்ளே வேகமாக வைத்துப் பயன் இல்லை. காத்திருப்பவர் உட்காரும் நாற்காலி பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேனோ ரேடியோவோ ஓடட்டும். காதுக்குப் பக்கத்தில் சத்தம் இருந்தால்தான் உள்ளே பேசுவது கேட்காது.

கூட வருகிறவரை அறைக்குள் விடலாமா என்பதுதான் நம் பக்கத்தில் கடினமான விஷயம். பெண்கள் தனியாக வருவது குறைவு. மாமியாரோ நாத்தனாரோ கூடவே வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். அவர்கள் முன்னால் "ஆபரேஷன் ஏதும் ஆகியிருக்கா? நாள் தள்ளிப் போயிருக்கா?" என்று நீங்கள் கேட்டால், அந்தப் பெண் உண்மையைச் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருப்பவளுக்கு அது தெரியாமல் வயிற்றிலும் இடுப்பிலும் அழுத்தம் கொடுத்தால் பதில் சொல்வது யார்? ஆகவே இது வெறும் மரியாதை சம்பந்தப்பட்டது அல்ல, பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. வீட்டு விதி என்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: முதல் பத்து நிமிடம் உள்ளே நீங்களும் அவரும் மட்டும். எல்லோருக்கும் அதே விதி என்பதால் யாருக்கும் வருத்தம் வராது. அந்தப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, "கூட வந்தவங்க உள்ள இருக்கட்டுமா, வெளிய இருக்கட்டுமா?" என்றும் கேளுங்கள். சில பெண்களுக்குத் துணை உள்ளே இருந்தால்தான் தைரியம். அதுவும் அவர்கள் இஷ்டம்.

இப்போது நீங்கள் எதிர்பார்க்காத ஓர் இடத்தைச் சொல்கிறேன். நம் தொழிலில் ரகசியம் அதிகம் கசிவது வம்பு பேசி அல்ல, பாசமாக விசாரித்து. ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறுகிறீர்கள். போன வாரம் வந்த பெண் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறார். "என்னம்மா, இடுப்பு இப்ப எப்படி இருக்கு?" என்கிறீர்கள். நல்ல மனசோடுதான் கேட்டீர்கள். ஆனால் அவர் உங்களிடம் வந்தார் என்பதும் இடுப்பில் ஏதோ கோளாறு என்பதும் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. பார்த்தும் பேசாமல் போனாலோ, நம் ஊரில் அதைத் திமிர் என்பார்கள். அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "வெளிய பார்த்தா, நல்லா இருக்கீங்களான்னு மட்டுந்தான் கேப்பேன். உடம்பப் பத்தி நீங்களா எடுத்தாத்தான் பேசுவேன்." கல்யாண வீட்டிலும், மீன் ஏலம் போடும் இடத்திலும், ராமேசுவரம் கோயில் வரிசையிலும் இதே வழக்கம்தான்.

"அந்த டீச்சரம்மாகூட என்கிட்டதான் வர்றாங்க" என்று சொல்லித் தொழிலை வளர்க்காதீர்கள். பெயரைச் சொல்லாமல் கதை சொல்வதும் வேண்டாம். "கடல்பாசி எடுக்கப் போற ஒருத்தி, ரெட்டைப் புள்ள பெத்தவ, அவளுக்கும் இப்படித்தான் தோள் இறங்கிப் போச்சு" என்றால் பெயர் எதற்கு? பாசி எடுக்கப் போகும் இரட்டைப் பிள்ளைத் தாய் உங்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? வந்தவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "குனிஞ்சே வேலை செய்யிறவங்களுக்கு இது வரும், சரியாகும்" என்று பொதுவாகச் சொல்லுங்கள்.

வாசனையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும். கற்பூரமும் நொச்சியும் சேர்ந்த தைலம் தேய்த்துக்கொண்டு போனால், வீட்டுக்குள் நுழைந்ததுமே எங்கே போய்வந்தாள் என்று தெரிந்துவிடும். சிலருக்கு அதில் கஷ்டம் இல்லை. வீட்டில் சொல்லாமல் வருகிறவருக்கு வாசனையில்லாத எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள், முடித்ததும் வெந்நீரில் நனைத்த துண்டால் துடைத்துவிடுங்கள். எது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. ஏன் என்று காரணம் கேட்காதீர்கள்.

வீட்டுக்குப் போய்ச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்து 61 நாளும் விசைப்படகு ஆண்கள் கரையில்தான் இருப்பார்கள். மற்ற மாதங்களில் தாராளமாக வீட்டுக்குக் கூப்பிடும் பெண்ணுக்கு அந்த இரண்டு மாதம் சங்கடமாக இருக்கலாம். நீங்களாக வழக்கமான நேரத்துக்குப் போய் நிற்காதீர்கள். தடைக்காலம் தொடங்கும் முன்பே, "இங்கயே வரட்டுமா, நீங்க அங்க வர்றீங்களா?" என்று கேட்டுவையுங்கள். அப்புறம், எண்ணெய்க் குப்பிகளைச் சாதாரணத் துணிப்பையில் கொண்டுபோங்கள். கடை பெயர் அச்சடித்த பை வேண்டாம்.

நோட்டு எழுதுவது சரியா என்றால், எழுதத்தான் வேண்டும். ஞாபகத்தை நம்பி உடம்பில் கை வைக்கக்கூடாது. ஆனால் வேலைக்குத் தேவையானது மட்டும் போதும்: எந்த அறுவை சிகிச்சை எப்போது, கர்ப்பமா, இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, காலில் வீக்கம் உண்டா, காய்ச்சல், தோலில் புண், எந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளாது. இதற்கு மேல் அவர் அழுதுகொண்டே சொன்ன குடும்பச் சண்டையை ஏன் எழுத வேண்டும்? ஒரு நோட்டில் பெயரும் போன் நம்பரும் ஓர் எண்ணும். இன்னொரு நோட்டில் அந்த எண்ணும் உடம்பு விவரமும். இரண்டையும் வேறு வேறு இடத்தில் பூட்டிவையுங்கள். ஒன்று மட்டும் கைமாறினால், யாருக்கு உடம்பில் என்ன என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. வருவதை நிறுத்தி நாளானவர்களின் பக்கங்களைக் கிழித்து எரித்துவிடுங்கள். கடைக்குப் பொட்டலம் கட்டப் போட்டுவிடாதீர்கள். ஆதார் ஜெராக்ஸ் வாங்கவே வேண்டாம், அதில் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

எச்.ஐ.வி. இருக்கிறதா என்று கேட்கலாமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேட்கத் தேவையில்லை. தொடுவதால் அது பரவாது. திறந்த புண் இருக்கும் இடத்தை யாருக்கும் தொடக்கூடாது, உங்கள் கையில் வெட்டு இருந்தால் யாருக்குச் செய்தாலும் கையுறை போட வேண்டும். நம்பிக்கை வைத்து ஒருவர் அதைச் சொன்னால், அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்வதை 2017-இல் வந்த எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது. கூட வேலை செய்யும் பெண்ணிடம் "ஜாக்கிரதை" என்று ஜாடை காட்டுவதும் சொல்வதுதான். இன்னொரு வகையும் உண்டு. ஏர்வாடி தர்காவில் மனநலம் சரியில்லாத மகனையோ கணவரையோ வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் முதுகு பிடித்துப்போய் வருவார்கள். அவர்கள் பேசுவது பெரும்பாலும் தங்களைப் பற்றி இருக்காது, அந்த நோயாளியைப் பற்றித்தான் இருக்கும். உங்கள் கட்டிலில் படுக்காதவரின் ரகசியமும் உங்களிடம் வந்து சேருகிறது. அதையும் அப்படியே காக்க வேண்டும்.

நோட்டைவிட எனக்குப் பயம் போனில்தான். வீட்டில் பிள்ளைகள் கேம் விளையாடும் அதே போனில் வாடிக்கையாளர் செய்தியும் வருகிறதா? தொழிலுக்குத் தனி சிம், தனி பூட்டு வையுங்கள். பூட்டிய திரையில் செய்தி வரிகள் தெரியாதபடி அமைப்பை மாற்றுங்கள். "மசாஜ் இன்னார்" என்று பெயரைப் பதியாதீர்கள். சலுகை அறிவிக்க வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிடாதீர்கள். குரூப்பில் சேர்த்த உடனே, யார் யாரெல்லாம் உங்களிடம் வருகிறார்கள் என்ற பட்டியலை எல்லோர் கையிலும் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினால் ஒருவருக்கு மற்றவர் தெரியாது. ஜி-பே வசதிதான், ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சவுதியில் இருக்கும் கணவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனால், எவ்வளவு, எப்போது, யாருக்கு என்று அவர் போனுக்குத் தகவல் போகும். "காசா, ஜி-பேயா, உங்களுக்கு எது வசதி?" என்று கேட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். போன், கணினியில் வைக்கும் தனிநபர் விவரங்களுக்கு 2023-இல் தனிச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. சம்மதத்தோடு வாங்கு, எதற்கு வாங்கினாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, வேலை முடிந்தால் அழி என்பதுதான் அதன் சாரம். கையெழுத்து நோட்டை அந்தச் சட்டம் தொடாது. நோட்டுக்கு நீங்களே காவல்.

ரிசார்ட் வீடியோ விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒருவரின் அந்தரங்கப் பகுதியை அவர் சம்மதமில்லாமல் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தனிமையை எதிர்பார்த்து இருக்கும் பெண்ணை அந்த நிலையில் படமெடுத்தால் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவு வரும். முதல் முறைக்கே ஒரு வருடத்துக்குக் குறையாத சிறை. வீடியோ எடுத்த கை உங்களுடையது என்றால் மாட்டுவதும் நீங்கள்தான். முதுகு மட்டும்தானே என்று மேனேஜர் சொல்வார். முதுகில் மச்சமும் பச்சையும் இருக்கும், தெரிந்தவர்களுக்கு அதுவே போதும். கட்டிலில் பாதி மயக்கத்தில் படுத்திருப்பவர் "ம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. விளம்பரம் வேண்டுமென்றால் சும்மா இருக்கும் அறையையும், எண்ணெய்க் கிண்ணங்களையும், உங்கள் கையில் நீங்களே தேய்ப்பதையும் எடுத்துக் கொடுங்கள். அறை எண், நேரம், எத்தனை நிமிடம் என்பதற்கு மேல் ரிசார்ட் பில்லுக்கு எதுவும் தேவையில்லை. அங்கே வருகிறவர்கள் வடநாட்டு யாத்திரிகர்கள், யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் வேண்டாம். தெரியாத ஊரில் நம்பிப் படுத்தவருக்கு நீங்கள் மட்டும்தான் பாதுகாப்பு.

வாயைத் திறக்கவேண்டிய நேரமும் உண்டு. குழந்தை மீது பாலியல் கொடுமை நடப்பது தெரிந்தால், போக்சோ சட்டப்படி தெரிந்த எவரும் போலீஸில் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் போன் செய்யலாம். அங்கே ரகசியம் என்ற பேச்சே இல்லை. வளர்ந்த பெண்ணின் உடம்பில் அடித்த தடம் தெரிந்தால், அது வேறு. அதை மாமியாரிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லாதீர்கள், அடி இன்னும் கூடும். தனியாக இருக்கும்போது அவளிடம் மட்டும், "இது எப்படி ஆச்சுன்னு நீ சொல்ல வேண்டாம். வேணுங்கும்போது பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணலாம், என் வீட்டுலருந்தே பண்ணலாம்" என்று சொல்லுங்கள். முடிவு அவளுடையது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அங்கே கை வைக்கவே கூடாது. இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதையும் அவளிடம்தான் சொல்ல வேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டும். மயங்கி விழுந்துவிட்டால் 108-ஐக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் தெரிந்தது அத்தனையும் சொல்லுங்கள், அப்போது தயங்கக்கூடாது. உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருத்தி பேசினால், "இத மட்டும் என்னால மனசுக்குள்ள வச்சுக்க முடியாது" என்று அவளிடமே சொல்லிவிட்டு, அவள் நம்புகிற ஒருவரை வரவழையுங்கள். மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். போலீஸ் ஏதாவது கேட்டு வந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு, கேட்டதை மட்டும் சொல்லுங்கள்.

இனி தெருவில் நடக்கும் பேச்சு. மாமியைத் தேடிப் போய் விளக்கம் சொல்லாதீர்கள், விளக்கம் நீளும்போது ஏதாவது ஒன்று வாய் தவறி வந்துவிடும். வேறு யாராவது கேட்டால் அதே ஒற்றைப் பதில். அந்த வீட்டு வேலை கையைவிட்டுப் போகலாம், இன்னும் ஒன்றிரண்டு வீடும் சேர்ந்து போகலாம். அது உங்கள் வயிற்றுப்பாடு, லேசாகச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்ற பேச்சு கிளம்பியிருந்தால், உண்மையிலேயே உடம்பில் கஷ்டம் இருக்கும் பெண்கள் ஒருத்தி விடாமல் உங்களிடம் வருவதை நிறுத்தியிருப்பார்கள்.

எனக்குக் கவலை அந்த மருமகளைப் பற்றித்தான். தன்னைப் பற்றி மாமியார் விசாரித்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தான். அதற்காக அந்த வீட்டுப் போனுக்குக் கூப்பிடாதீர்கள், யார் எடுப்பார்கள் என்று தெரியாது. அவளாக மறுபடி வந்தால், அந்த முதல் பத்து நிமிடத்தில் சொல்லுங்கள்: "உங்களப் பத்தி என்கிட்ட ஒரு கேள்வி வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லல. இனியும் சொல்லமாட்டேன்." என்ன கேள்வி என்று அவள் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். தழும்பைப் பற்றி நீங்களாக எதுவும் விசாரிக்காதீர்கள். வயிற்றில் கை வைக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும், "இங்க தொடலாமா, வலி ஏதும் இருக்கா?" போதும்.

அப்புறம், அந்த வீட்டில் அவளுக்காக நீங்கள் பேசவும் வேண்டியிருக்கும். இடுப்பு வலிக்காரி தள்ளுவண்டியில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து, இறக்கி, தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தால் உங்கள் மசாஜ் இரண்டு நாளுக்குமேல் நிற்காது. "ரெண்டு வாரம் குடம் தூக்கவேண்டாம்னு மாமிகிட்ட நான் சொல்லட்டுமா, இல்ல நீங்களே சொல்லிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். சொல்லுங்கள் என்றால், அவள் சொல்லச் சொன்ன அந்த ஒன்றை மட்டும், அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமியிடம் சொல்லுங்கள்.